தட்டாத பேய்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, திருடியது. பிறகு யாராவது வந்து சட்டையைப் பிடித்தால் "அதுதான் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேனே" என்று காட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனையில் செபஸ்தியனின் கடை இருக்கிறது. யுத்த காலத்தில் அது வீடியோக் கடை. இப்போது அவர் போட்டோக்கொப்பி எடுக்கிறார், பாஸ்போட் படம் பிடிக்கிறார், பழைய கலியாணக் கசெற்றுகளை டிஸ்க்கில் ஏற்றிக் கொடுக்கிறார். நான் தங்கையின் கலியாணக் கசெற்றைக் கொண்டுபோயிருந்தேன். கசெற் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரமும் ஓடித்தான் ஏறும், குறுக்கு வழி கிடையாது என்று சொல்லிவிட்டார். இரண்டே கால் மணித்தியாலம்! என்ன செய்வது, வாங்குப் பலகையில் இருந்தேன். பக்கத்தில் அவருடைய அக்கா பேர்ணடெற் இருந்தார். அறுபது வயது மனுசி, தம்பிக்கு வெள்ளவத்தையிலிருந்து மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர்.

அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகை ஆசிரியர் எனக்கு ரெலிபோன் எடுத்தார். சிறப்பிதழுக்கு ஒரு பேய்க்கதை வேண்டுமாம். "இலேசான பேயாக இருக்கட்டும். குடும்பமாக இருந்து வாசிக்க வேணும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இலேசான பேய் என்றால் என்ன, எடை குறைந்த பேயா என்று கேட்டுவிட்டு வைத்தேன். பேர்ணடெற் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இலேசான பேயோ? ஐயோ, அதைத் தேடி நான் ஒரு மாசம் அலைஞ்சனான்" என்றார்.

திரையில் என் தங்கைக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

2

இதற்கு மூன்று தொடக்கம் எழுதினேன்.

முதலாவது: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில் வெள்ளவத்தைக் கடற்கரை ஒழுங்கையில்—"

[மழை பெய்யவில்லை. நான் கேட்டேன், பேர்ணடெற் "மழையோ? அண்டைக்குப் புழுங்கிச் செத்தம்" என்றார். வெட்டியாயிற்று.]

இரண்டாவது: "நவரத்தினத்தை அவர்கள் விசாரணைக்கென்று கொண்டுபோன அன்று—"

[இப்படித் தொடங்கினால் ஆசிரியர் இரண்டாம் வரியோடு திருப்பி அனுப்பிவிடுவார். குடும்பமாக இருந்து வாசிக்க முடியாது. ஆனால் இதை எங்கேயாவது சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லுவேன்.]

மூன்றாவது இது. இதோடு போகிறேன், இனி மாற்ற மாட்டேன்:

பேர்ணடெற்றுக்கு ஒரு பேய்ப்படம் வேண்டியிருந்தது. பேய் வர வேண்டும், பிள்ளைகள் கத்த வேண்டும். ஆனால் படம் முடியும்வரை ஒருவர்கூடக் கதவைத் தட்டக் கூடாது.

(கடையில் அவருடன் "நீங்கள்" என்றுதான் கதைத்தேன். கதைக்குள் அவருக்கு முப்பத்தேழு வயது, ஆகையால் இனி "அவள்". கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.)

3

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. பேர்ணடெற் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் தட்டெழுத்தாளர். அவள் கலியாணம் செய்தது நவரத்தினத்தை. சாவகச்சேரிப் பக்கத்துச் சைவக்காரர், கட்டடப் படம் வரைகிறவர், வாய் திறந்தால் பகிடி, சிரிப்பு. இரண்டு பிள்ளைகள், பதினொரு வயதில் செலீன், ஆறு வயதில் யூட். வெள்ளவத்தையில் கனகேஸ்வரி அக்காவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் இரண்டு அறை எடுத்து இருந்தார்கள். முன்னறை ஒழுங்கையைப் பார்த்தது. பின்னறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை.

அந்த வீட்டில் சனிக்கிழமை ஆறரை மணி என்றால் படம். வெள்ளி பின்னேரமே வீடியோ டெக்கும் கசெற்றும் வாடகைக்கு வந்துவிடும். முன்னறையில் பாய் விரித்து, கடலை வறுத்து, நாலு பேரும் சுவரில் சாய்ந்து இருந்து பார்ப்பார்கள். ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். வந்த சொந்தக்காரர்கள் எழும்பிப் போய்விட வேண்டும். வீட்டில் இருப்பவர்களைப் பொலிசில் பதிந்த துண்டில் நாலு பேர் என்றால் நாலு பேர்தான் வீட்டில் படுக்கலாம், ஐந்தாவது தலை இருந்தால் வில்லங்கம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பகல் வேளையில் நவரத்தினத்தை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். பேர்ணடெற் கப்பல் கொம்பனிக் கந்தோரில் நின்றாள். ஏன் என்று கேட்காதீர்கள், அப்போது ஏன் என்று ஒன்று இருக்கவில்லை. பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் சோற்றுப் பார்சலோடு அவரை அடைத்து வைத்த இடத்தின் வாசலில் போய் நின்றாள். பன்னிரண்டாம் நாள் விட்டார்கள். மனுசன் முழுசாக வந்தார், நடந்து வந்தார், எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் முன்னறையில் இருக்கவில்லை. சாப்பாடு பின்னறையில், வரைகிற பலகை பின்னறையில். சனிக்கிழமை வந்தால் "தலையிடிக்குது, நீங்கள் பாருங்கோ" என்று திரைச்சீலைக்குள் போய்விடுவார். என்ன நடந்தது என்றும் சொல்லவில்லை. எப்படி வந்தார்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

பேர்ணடெற்றாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரு நாள் மத்தியானம் மீற்றர் பார்க்கிறவன் வந்து கதவைத் தட்டினான். நவரத்தினம் சோற்றுக் கையோடு எழும்பிப் போய்க் கதவின் கொண்டியில் கையை வைத்தபடி நின்றார். திறக்கவுமில்லை, திரும்பவுமில்லை. அவள் அந்த முதுகைப் பார்த்தாள். ஓ, இந்த மனுசனுக்குத் தட்டுகிற சத்தம்தான் பயம் என்று பிடித்துக்கொண்டாள். வெள்ளவத்தையில் எல்லா வீட்டிலும் அதுதானே கதை: வந்தார்கள், தட்டினார்கள், கொண்டுபோனார்கள்.

"இப்பிடியே விட்டா மனுசன் திரைச்சீலைக்குப் பின்னாலயே கிழவனாப் போயிடும். விடுறதோ? நான் கொட்டாஞ்சேனையில பிறந்தவள்" என்றார் பேர்ணடெற் என்னிடம்.

4

முதலில் சிரிப்புப் படங்கள் எடுத்தாள். இரண்டு சனிக்கிழமை ஓடின. திரைச்சீலை அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சிரிக்கிற படத்துக்குப் பிள்ளைகளுக்கு அப்பா தேவையில்லை. பயப்படுகிற படத்துக்குத்தான் பக்கத்தில் அப்பா வேணும். யூட்டும் பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்ன பேய்ப்படக் கதையைக் கேட்டுவிட்டு வந்து பேய், பேய் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தான்.

ஆகவே பேய். ஆனால் அளவான பேய். பிள்ளைகள் தகப்பனிடம் ஒட்டிக்கொள்ளுமளவுக்குப் பயம், தகப்பன் எழும்பி ஓடாத அளவுக்குப் பயம். இந்த அளவு எந்தக் கசெற்றின் மட்டையில் எழுதியிருக்கிறது?

ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பஸ் ஏறித் தம்பியின் கடைக்குப் போனாள்.

"அக்கா, பேய் எண்டா தட்டித்தானே வரும்? பெல் அடிச்சிட்டா வரும்?" என்றான் செபஸ்தியன்.

"பெல்லும் கூடாது."

"நாய் குலைக்கலாமா?"

"நாய் பரவாயில்ல. பூட்ஸ் சத்தம் கூடாது. டோர்ச் லைட்டை முகத்துக்கு அடிக்கிறது கூடாது. ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

"அப்ப நீங்க கேக்கிறது சாமிப்படம்."

"பகிடி விடாத செபஸ்தி. பிள்ளையள் பயப்பிடுவினம் எண்டு சொல்றன்."

"பிள்ளையளோ, அத்தானோ?"

செபஸ்தியன் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கசெற்றுகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினான்.

ஒரு மாதம் இப்படி. ஞாயிறு தோறும் கடைக்குப் போய், கசெற்றை வேகமாக ஓட விட்டுப் பார்த்தாள். மனிதர்கள் எறும்பு போல ஓடுவார்கள், பேய் எறும்பு போல ஓடும். கதவு வந்தால் நிப்பாட்டுவாள். தட்டினால் அந்தப் படம் தள்ளுபடி. இருபத்திமூன்று படம் தள்ளுபடியானது. "பிறகு எனக்குப் பேயைக் கண்டா சிரிப்புத்தான் வந்தது. கதவைக் கண்டாத்தான் நெஞ்சு இடிக்கும்" என்றார்.

[இந்த இடத்தில் ஒரு சந்தேகம். பிள்ளைகளை வைத்துத்தானே தகப்பனைக் கூப்பிட வேண்டும்? செலீனுக்குத் தனியே பார்க்கப் பயம் என்று அப்பாவிடம் சொல்லப் போவதாக பேர்ணடெற் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாளாம். நான் செலீனைக் கொஞ்சம் சண்டைக்காரியாக எழுதினேன். "எனக்கொண்டும் பயமில்லை, ஏன் என்ர பேரை இழுக்கிறீங்கள்?" என்று கத்த வைத்தேன். பதினொரு வயதுப் பிள்ளை பயந்தாங்கொள்ளி என்ற பேரைச் சும்மா வாங்கிக்கொள்ளுமா? இதுவரை எழுதிய படியை வாசித்த பேர்ணடெற் அந்த வரியைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் எழுதியிருந்தார்: "அவள் சண்டை பிடிக்கேல்ல. சரியம்மா, எனக்குப் பயம் எண்டே சொல்லுங்கோ எண்டவள்." எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் உள்ளபடியே விடுகிறேன்.]

5

கடைசியில் செபஸ்தியன்தான் வழி சொன்னான். தட்டாத பேய் இல்லையென்றால் நாங்களே செய்வோம்.

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. பேர் வேண்டாம். ஒரு மலை பங்களா, செத்துப்போன சமையற்காரி, வெள்ளைச் சீலை, விரித்த தலை. வேறென்ன? ஏழு இடத்தில் கதவு தட்டப்படுகிறது. முதலாவது தட்டல் பதினோராவது நிமிஷத்தில். மற்றபடி பூட்ஸும் இல்லை, டோர்ச்சும் இல்லை.

இரண்டு டெக்கையும் வயரால் கொழுவி, ஒன்றில் படத்தை ஓட விட்டு, மற்றதில் வெறுங்கசெற்றைப் பதிய விட்டார்கள். கதவு வரும்போது பேர்ணடெற் "நிப்பாட்டு" என்பாள், செபஸ்தியன் பட்டனை அமத்துவான். தட்டி, திறந்து, வெளியே ஒருவரும் இல்லையென்று பார்த்து, மூடிய பிறகு "விடு" என்பாள். ஏழு தட்டலும் போயிற்று. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டு மாதமாக அந்த வீட்டுக்கு எதுவும் செய்ய முடியாமல் இருந்தவள், இப்போது ஏழு தட்டலைத் தன் கையாலேயே இல்லாமல் செய்திருக்கிறாள்.

வெட்டின கசெற்றையும் வெட்டாத கசெற்றையும் இரண்டையுமே பையில் வைத்தான் தம்பி. எழுத்தில்லாத கசெற்றோடு செக்பொயின்ற் தாண்டுவது அந்த நாளில் விளையாட்டில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எந்தக் காட்டில் எடுத்தது என்று விடிய விடியக் கேட்பார்கள். ஆகவே சிங்களத்தில் "ஹொல்மன்" என்று பெரிதாக எழுதி ஒட்டினான், பேய் என்று அர்த்தம்.

பம்பலப்பிட்டியில் பஸ்ஸை நிப்பாட்டி எல்லாரையும் இறக்கினார்கள். காவலுக்கு நின்று பையைக் கிண்டின சென்றி கசெற்றைத் தூக்கிப் பார்த்தான்.

"மே மொனவத?" இது என்ன என்றான்.

"ஹொல்மன் பில்ம் மல்லி. லமயின்ட்ட." பிள்ளைகளுக்கு என்றாள்.

"பயத?" பயமாக இருக்குமா என்றான்.

"டிக்கக் விதரய்." கொஞ்சம்தான் என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். "எஹெனம் யன்ன அக்கே", அப்படியென்றால் போங்கோ அக்கா, என்று பையைத் திருப்பிக் கொடுத்தான். பஸ்ஸில் ஏறி இருந்தபிறகுதான் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. இலேசான பேய் வேண்டுமென்று அரசாங்கத்திடமே அனுமதி வாங்கிவிட்டாள்.

(இந்தக் கடைசி வசனம் என்னுடையது. அவர் அப்படிச் சொல்லவில்லை. நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டேன்.)

6

சனிக்கிழமை ஆறரை. பாய் விரித்தாயிற்று. பேர்ணடெற் திரைச்சீலையை விலக்கினாள்.

"இஞ்சாருங்கோ, செலீனுக்குப் பயமாக் கிடக்காம். நீங்கள் பக்கத்தில இருந்தாத்தான் பாப்பாளாம்."

"தலையிடிக்குது."

"அங்க வந்து இருந்து இடிக்கட்டும். அரை மணித்தியாலம் இருங்கோ, பிறகு போய்ப் படுங்கோ. நான் மறிக்க மாட்டன்."

நவரத்தினம் மகளைப் பார்த்தார். செலீன் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "வாங்கோ அப்பா" என்றாள், அவ்வளவுதான். அவர் வந்தார். கதவைப் பார்த்தபடி, சுவரோடு, ஓரத்தில் இருந்தார். பேர்ணடெற் இருட்டில் மாதாவுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு பட்டனை அமத்தினாள்.

படம் நன்றாகத்தான் போனது. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். வெள்ளைச் சீலை முதல் தரம் வந்தபோது யூட் கத்திக்கொண்டு தகப்பனின் மடிக்குள் பாய்ந்தான். நவரத்தினம் எட்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பேர்ணடெற்றுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்ல காலம், இருட்டு.

ஆனால் அவள் ஒன்றை யோசிக்கவில்லை. கதவைத் தட்டுவதை வெட்டினால் கதவைத் திறப்பதும் போய்விடும். அந்தச் சமையற்காரி எந்த வழியாலும் வராமல் திடீர் திடீரென்று வீட்டுக்குள் நின்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். சாப்பாட்டு மேசையடியில் நின்றாள். வீட்டுக்காரன் படுத்திருந்து கண்ணை முழிக்கிறான், அவள் மேலே நின்று குனிந்து பார்க்கிறாள்.

யூட் தலையை நிமிர்த்தினான். "அம்மா, இந்த மனிசி எப்பிடி உள்ளுக்க வந்தது? தட்டவே இல்லை?"

"பேய்தானே அப்பன். வரும்."

"தட்டாமலோ? தட்டாம வாறது பிழை."

"தட்டாமலும் வருவினம்" என்றார் நவரத்தினம். திரையைப் பார்த்தபடியே சொன்னார். சும்மா, வாயில் வந்ததைச் சொல்கிறவர் போலச் சொன்னார். "அண்டைக்கும் தட்டேல்லை. நான் இதிலதான் படுத்திருந்தனான். கண்ணை முழிச்சுப் பாத்தா நாலு பேர் சுத்தி நிக்கினம். கதவு திறந்துதானே கிடந்தது."

பேர்ணடெற் ரிமோட்டைத் தேடி எடுத்து நிப்பாட்டினாள். திரையில் அந்த மனிசி குனிந்தபடி நடுங்கிக்கொண்டு நின்றாள்.

தட்டவில்லை. அப்படியென்றால் மீற்றர்காரன் வந்த அன்று இவர் கொண்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றது கதவு பூட்டிக் கிடக்கிறதா என்று பார்க்க. தட்டுகிறவனால் இந்த மனுசனுக்கு ஒரு பயமும் இல்லை. தான் ஒரு மாதமாகக் கொட்டாஞ்சேனைக்கு அலைந்து, இருபத்திமூன்று பேயைத் தள்ளுபடி செய்து, ஏழு தட்டலை வெட்டி, அவர் பயப்படுகிற அந்த ஒன்றையே தன் கையால் செய்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது செலீன் சொன்னாள்.

"திறந்து விட்டிட்டுப் போனது நான்தான் அப்பா. கனகேஸ்வரி அன்ரிக்குக் கோப்பை குடுக்க மேல போனனான். சாத்தேல்லை."

நவரத்தினம் மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பேர்ணடெற்றுக்கு மீதி எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்கு அது தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். எப்படி வந்தார்கள் என்று எட்டு மாதம் வாய் திறக்காமல் இருந்தது இதற்காகத்தான். வாய் திறந்தால் கதவு வரும், கதவு வந்தால் பிள்ளை வரும். இன்றைக்கு ஒரு படத்தின் நடுவில், ஆறு வயதுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு, யோசிக்காமல் வாயை விட்டுவிட்டார். பிள்ளைக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். ஒரே வீட்டில், ஒரு திரைச்சீலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒருவருக்கு ஒருவர் ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

பேர்ணடெற் எழும்பினாள். வெட்டின கசெற்றை வெளியே எடுத்தாள். பையிலிருந்த முழுக் கசெற்றைப் போட்டாள்.

"இதை முதலிலயிருந்து பாருங்கோ. இதில எல்லாம் கிடக்கு. யூட், நீ என்னோட வா, தேத்தண்ணி போடுவம்."

"நான் படம் பாக்கப் போறன்!"

"வா எண்டனெல்லோ!"

7

குசினிக்கும் முன்னறைக்கும் நடுவில் பின்னறை இருக்கிறது. ஒன்றும் கேட்காது. நான் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தேன். "எட்டியாவது பார்த்திருப்பீர்களே?" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. "ஏன் பாக்கிறது? நான் போனதே அதுக்குத்தானே" என்றார்.

ஆகவே முன்னறையில் நவரத்தினம் மகளுக்கு என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் நான் கதை எழுதுகிறவன். தெரியாது என்று விட்டுவிட வெட்கமாக இருந்தது. எழுதிப் பார்த்தேன்.

"நீ இல்லை பிள்ளை. நீ சாத்திப்போட்டுத்தான் போனனி. பிறகு காத்துக்காகத் திறந்து விட்டது நான்." இந்தப் பொய் அழகான பொய். ஆனால் செலீன் நம்பமாட்டாள். அவள் அன்று படியேறும்போது திரும்பிப் பார்த்திருந்தால்? கதவு ஆவென்று கிடந்ததைக் கண்டிருந்தால்? வெட்டினேன்.

"ஓம், நீதான். பதினொரு வயசுப் பிள்ளை கதவைத் திறந்து விட்டிட்டுப் போறதுக்கு ஆளைக் கொண்டுபோற நாடு எண்டா, பிழை கதவிலயோ?" இதை எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பிறகு வாசித்துப் பார்த்தால் மேடையில் பேசுகிறவன் குரல். நவரத்தினம் கட்டடப் படம் வரைகிறவர், கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை. இதையும் வெட்டினேன்.

"நீ படியேறுறது கேட்டது. எழும்பிச் சாத்துவம் எண்டு நினைச்சன், சோம்பலாக் கிடந்தது, அப்பிடியே நித்திரையாப் போனன். அப்ப பாதி உனக்கு, பாதி எனக்கு, சரியோ?" இது அவர் குரல்தான், பகிடிக்காரர். ஆனால் அந்த நேரத்தில் பகிடி வருமா என்று—

[இந்த வசனத்தை முடிக்க முடியவில்லை. மூன்று நாள் வைத்திருந்தேன்.]

ஒன்றுமே சொல்லாமல் கையை நீட்டிப் பிள்ளையின் தலையில் வைத்தார் என்றும் ஒன்று எழுதினேன். அது கதை எழுதத் தெரியாதவன் செய்கிற வேலை. வாயுள்ள மனுசனை ஊமையாக்கித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

இன்றைக்கு முடிக்காமல் மேசையை விட்டு எழும்புவதில்லை என்று காலையிலேயே சபதம் எடுத்திருந்தேன். ஆசிரியர் வேறு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்துவிட்டார். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

8

தேத்தண்ணித் தட்டோடு பேர்ணடெற் திரைச்சீலையைத் தோளால் விலக்கிக்கொண்டு வந்தபோது, சரியாக அந்த நேரம், படத்தில் கதவு தட்டப்பட்டது. டொக், டொக், டொக். கோப்பைகள் ஒன்றோடு ஒன்று முட்டின.

முன்னறையில் ஒருவரும் எழும்பவில்லை. நவரத்தினம் ஓரத்திலிருந்து பாயின் நடுவுக்கு வந்திருந்தார், கதவுக்கு முதுகு. செலீன் அழுது முகம் வீங்கிப்போய் இருந்தாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நவரத்தினம் எட்டி ஒரு கோப்பையை வாங்கினார்.

"சத்தம் போடாமல் இரும்" என்றார் பெண்சாதியிடம். "இனித்தான் அந்த மனிசி வரப்போறா."

படம் முடியும்வரை இருந்தார். ஏழு தட்டலுக்கும் இருந்தார். எட்டே முக்காலுக்கு முடிந்தது.

நவரத்தினம் இப்போதும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறார். செலீன் மெல்பேணில், அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரையும் கேட்கலாம். செபஸ்தியன் நம்பர்கூடத் தந்தார். நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். தாய் ஒருத்தி தன் சொந்த வீட்டில் கேட்காமல் விட்ட கதையை நான் யார் கேட்பதற்கு?

முடிந்த படியை பேர்ணடெற்றிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு திருத்தம் எழுதித் தந்தார்: "தேத்தண்ணி போட எனக்கு இவ்வளவு நேரம் செல்லாது. நான் வேணுமெண்டே மெதுவாப் போட்டனான். அதையும் எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். ஆகையால் அந்த முன்னறை இப்போது உங்களுடையது. தகப்பனும் மகளும் பாயில் இருக்கிறார்கள். திரையில் பேர் போடுகிறார்கள். முதல் தட்டலுக்குப் பதினொரு நிமிஷம் இருக்கிறது. அவர் மகளுக்குச் சொல்லுவதை நீங்கள் எழுதுங்கள். பொய்யென்றாலும் எழுதுங்கள், அவசரப்பட வேண்டாம். குசினியில் பேர்ணடெற் அடுப்பைக் குறைத்து வைத்திருக்கிறாள்.